காத்திருந்தவருக்கா, கவலைக்கிடமானவருக்கா?

கேள்வி: அமெரிக்காவில் தானக் கல்லீரலைப் பெற முதலில் பதிந்தவரை விட்டு, போன வாரம் பதிந்தவருக்குக் கொடுக்கிறார்களாமே, நியாயமா?

பதில்: நியாயம்தான். காத்திருந்த நாள்களுக்கு மதிப்புக் கொடுத்த காலத்தில், நோய் முற்றாதவர்களையும் முன்கூட்டியே பதிந்துவைத்தார்கள். சாகக்கிடந்தவர்கள் பின்னால் நின்றார்கள். 2002 முதல் நோயின் தீவிரத்தைக் காட்டும் மெல்ட் (MELD) மதிப்பெண், 6 முதல் 40 வரை; மதிப்பெண் கூடினால் முன்னுரிமையும் கூடும். மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டார்கள். பிறகு சோடியமும் சேர்ந்தது. 25-ஐத் தொட்டவர் 7 நாளுக்கொரு முறை ரத்தப் பரிசோதனையைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் முந்தைய குறைந்த மதிப்பெண்ணுக்கு இறக்கிவிடுவார்கள்.

கல்லீரல் புற்றுநோயில் இந்தக் கணக்கு ஏமாற்றும்: கட்டி வளரும், ரத்த அளவுகளோ சீராகவே இருக்கும். அதனால் தனி மதிப்பெண் உண்டு. பெண்களுக்குத் தசை குறைவு என்பதால், தசையிலிருந்து வரும் கிரியேட்டினினும் பாதிப்பைக் குறைத்தே காட்டும். அதை ஈடுகட்ட 1.33 புள்ளி கூட்டியது 2023-இல்தான். இவ்வளவு தாமதித்தது பெருந்தவறு.