ஆங்கிலத்தில் நவுன், வெர்ப் எல்லாம் தெரிந்து வைத்திருப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா?

தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்குப் போகிறேன், பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எட்டும் மனப்பாடம், ஆனால் நாலு வரி எழுதக் கை வரவில்லை, பிறகு எதற்கு இதைப் படித்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் யாரோ ஏதோ சொல்லி மனசு நொந்துபோய்த்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி ஒரு நாளைக் கடந்து வந்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆங்கில ஆசிரியர் இல்லை. போச்சம்பள்ளி பக்கத்துக் கிராமம். அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி, வேதியியல். படிப்பு முடிந்ததும் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் லேப் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். எங்கள் ஊர் சீசன் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மே கடைசியிலிருந்து பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். வெளியூரில் தோத்தாபுரி என்பார்கள், மூக்கு நீண்ட காய். மூன்று ஷிப்ட்டும் ஓடும். பிரிக்ஸ், அதாவது கூழில் இனிப்பு எவ்வளவு என்று பார்ப்பது, அமிலம் பார்ப்பது, ரிஜிஸ்டரில் எழுதுவது, இதுதான் என் வேலை. ரிஜிஸ்டர் முழுக்க ஆங்கிலம்.

ஒரு நைட் ஷிப்ட் முடியும் நேரம். மூன்றாம் நம்பர் டேங்கில் கூழ் தீர்ந்துவிட்டது, ஆனால் கழுவவில்லை. சுடுதண்ணீர், காஸ்டிக் சோடாக் கரைசல், மறுபடி தண்ணீர் என்று வரிசையாக ஓட்டிய பிறகுதான் அதில் புதுக் கூழ் விட வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆள் கழுவட்டும் என்று நினைத்து ரிஜிஸ்டரில் எழுதினேன்: ‘டேங்க் 3 கிளீன்’. என் மனசில் அது ‘மூன்றாம் டேங்கைக் கழுவு’. படித்தவர் புரிந்துகொண்டது ‘மூன்றாம் டேங்க் சுத்தமாக இருக்கிறது’. அவர் மேல் தப்பே இல்லை. கூழை ஏற்றிவிட்டார். மதியம் சாம்பிள் எடுத்தபோது மூடியைத் திறந்ததுமே புளித்த வாடை. டேங்க் மொத்தத்தையும் கொட்டினார்கள்.

அடுத்த நாள் ரிஜிஸ்டரை மேசைமேல் விரித்து வைத்து, அந்த வரியின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, ‘தமிழ் மீடியம் ஆளை எடுத்தா இப்படித்தான்’ என்று எல்லோர் முன்னாலும் மேலாளர் சொன்னார். இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள். சம்பளம் போனதை மறந்துவிட்டேன், அந்தச் சொல்லை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் லேப் பொறுப்பில் இருந்த மேடம் கூப்பிட்டார். ஓசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. அவரும் பத்தாவதுவரை தமிழ்வழிதான் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

“நீங்க எழுதினதைத் தமிழ்ல சொல்லுங்க தம்பி” என்றார்.

“சுத்தம் பண்ணணும் மேடம்.”

“கழுவியாச்சுன்னா எப்படிச் சொல்வீங்க?”

“சுத்தமா இருக்கு.”

“பாத்தீங்களா, தமிழ்ல சொல்லோட வாலே மாறிப்போச்சு. வாலைப் பாத்தே எதுன்னு தெரிஞ்சுடும். இங்க்லீஷ்ல கிளீன்ங்கிற சொல்லுக்கு வால் மாறவே இல்லை. அது எங்க உக்காந்திருக்குன்னு பாத்துத்தான் வெர்ப்பா அட்ஜெக்டிவான்னு சொல்ல முடியும். நீங்க உக்கார இடமே குடுக்காம தனியா எழுதிட்டீங்க.”

பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. ‘நவுன் என்றால் ஆள், இடம், பொருள் இவற்றின் பெயர்’ என்று ஒப்பித்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். ஒரு சொல்லுக்கு ஒரே வகைதான், அது நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் பெரிய அகராதியில் கிளீன் என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். பெயர் (நவுன்), வினை (வெர்ப்), பெயரடை (அட்ஜெக்டிவ்), வினையடை (அட்வெர்ப்) என நான்குக்கும் குறி போட்டிருந்தது.

மேடம் பழைய பிரிக்ஸ் சார்ட்டின் பின்பக்கத்தில் சில வரிகளை நடுவில் இடம் விட்டு எழுதிக் கொடுத்தார். ‘ப்ளீஸ் ___ இட்’ என்பதில் பொருந்தினால் வெர்ப். ‘இட் இஸ் வெரி ___’ என்பதில் பொருந்தினால் அட்ஜெக்டிவ். ‘தி ___ இஸ் ஹியர்’ என்றால் நவுன். எல்லாச் சொல்லுக்கும் இது சரியாக வராது என்று அவரே சொன்னார். ஆனால் ரிஜிஸ்டரில் புழங்கும் சொற்களில் முக்கால்வாசிக்கு வந்தது. நீங்களும் விளக்கங்களை விட்டுவிட்டு இந்த மூன்று வரியிலிருந்து தொடங்குங்கள்.

அதன் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். சொற்களைத் தனித்தனியாக எழுதாமல் குடும்பமாக எழுதினேன். முதல் குடும்பம் எங்கள் பழம்தான். ரைப் என்றால் பழுத்த, ரைப்பன் என்றால் பழுக்க வை அல்லது பழு, ரைப்னெஸ் என்றால் பழுத்திருக்கும் தன்மை. அடுத்தது ஆசிட், ஆசிடிக், ஆசிடிட்டி, ஆசிடிஃபை. இப்படி எழுத எழுத, ஆங்கிலத்திலும் சில சொற்களுக்கு வால் உண்டு என்பது பிடிபட்டது. நெஸ், மென்ட், ஷன், இட்டி என்று முடிந்தால் பெரும்பாலும் நவுன். ஃபுல், லெஸ், அஸ் என்று முடிந்தால் பெரும்பாலும் அட்ஜெக்டிவ். ஃபை, ஐஸ் என்றால் பெரும்பாலும் வெர்ப். லி என்று முடிந்தால் பெரும்பாலும் அட்வெர்ப், ஆனால் ஃபிரண்ட்லி அட்ஜெக்டிவ். என்னோடு படித்த ஒருவர் ஓசூரில் ஒரு நேர்காணலில் நன்றாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்து ‘ஐ ஹார்ட்லி வொர்க்’ என்று சொல்லியிருக்கிறார். அதற்கு நான் வேலையே செய்வதில்லை என்கிற மாதிரி அர்த்தம். ஹார்ட் என்பதே அட்வெர்ப்பாகவும் நிற்கும், லி சேர்த்தால் பொருளே வேறு.

எழுத்தில் தெரியாமல் வாயில் மட்டும் தெரியும் வித்தியாசமும் இருக்கிறது. ஒதுக்கிப் போட்ட காயை நவுனாகச் சொன்னால் ரீஜெக்ட், அழுத்தம் முதல் அசையில். காயை ஒதுக்கு என்று வெர்ப்பாகச் சொன்னால் ரிஜெக்ட், அழுத்தம் இரண்டாவதில். ரெக்கார்ட், பெர்மிட் எல்லாம் இதே கணக்கு.

தமிழ் இலக்கணம் தெரிந்திருந்தால் கைகொடுக்கும். ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். நமக்குப் பெயர், வினை, இடை, உரி என்று நான்கு. பழைய ஆங்கில வழிகாட்டிகளில் அட்ஜெக்டிவை ‘பெயர் உரிச்சொல்’ என்று போட்டிருப்பார்கள். நம் உரிச்சொல் சால, உறு, தவ, நனி போன்றது. இரண்டையும் ஒன்று என்று நினைத்து நான் வெகுநாள் குழம்பினேன். பெயரடை, வினையடை என்று வைத்துக்கொள்ளுங்கள், குழப்பம் வராது. ப்ரிபொசிஷனும் அப்படித்தான். ‘இன் தி டேங்க்’ என்று அவர்கள் முன்னால் வைப்பதை நாம் ‘டேங்கில்’ என்று பின்னால் ஒட்டுகிறோம். எட்டு என்ற கணக்கும் ஆங்கிலத்துக்கென்று பிறந்ததில்லை, கிரேக்க, லத்தீன் இலக்கணங்களிலிருந்து வந்தது. இப்போதைய இலக்கணங்கள் தி, திஸ், மை போன்றவற்றை டிட்டர்மினர் என்று தனியாகவே பிரிக்கின்றன. அதனால் எட்டும் மனப்பாடமாக இருப்பதைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம்.

‘குழந்தை இலக்கணம் படித்தா பேசுகிறது’ என்று கீழே யாராவது எழுதுவீர்கள். குழந்தையைச் சுற்றி நாள் முழுக்க அந்த மொழி ஒலிக்கிறது. எங்கள் வீட்டில் ஒலித்தது தமிழ், சந்தையில் கொஞ்சம் தெலுங்கும் கன்னடமும். ஆங்கிலத்தை ரிஜிஸ்டரில்தான் பார்த்தோம். எங்களுக்கு இப்படி ஒரு பிடி தேவைப்படுகிறது. உங்களுக்குத் தேவையில்லை என்றால் நல்லது, ஆனால் தேவைப்படுகிறவரைத் தடுக்காதீர்கள்.

மாங்காய் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பெங்களூரா இருக்கிறது. காய் அதிகமாகக் காய்க்கிற வருடத்தில் பறிப்புக் கூலி, வண்டி வாடகை போக வீட்டுக்கு ஒன்றும் நிற்காது. லாரி வரிசையில் இரண்டு நாள் நின்றால் அடியில் இருக்கும் காய் கனிந்துவிடும், அதற்கும் எடை கழிப்பார்கள். விலையை நிர்ணயிக்கிற இடத்தில் வளர்க்கிறவனுக்கு ஒரு நாற்காலி கிடையாது. உள்ளே லேபில் நின்று அதே காயின் பிரிக்ஸை எழுதும்போது, வெளியே வரிசையில் அப்பா நின்றிருக்கிறார். சரி, இதை வேறொரு பதிலில் எழுதுகிறேன்.

இப்போது அந்தத் தொழிற்சாலையில் நான் இல்லை, வேறு இடத்தில் லேப் பொறுப்பு பார்க்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் இரண்டு வரி எழுதிக் காட்டுகிறேன். ‘டேங்க் 3 டு பி கிளீன்ட்’ என்றால் இனிமேல்தான் கழுவ வேண்டும். ‘டேங்க் 3 கிளீன்ட் அட் 4.10 ஏஎம்’ என்றால் கழுவியாகிவிட்டது, நேரத்தோடு.

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. உங்கள் வேலையில் தினமும் புழங்கும் பத்து ஆங்கிலச் சொற்களைக் கருத்துப் பெட்டியில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தப் பத்துக்கும் குடும்பம் எழுதித் தருகிறேன்.