எச்.ஐ.வி., கஞ்சா, சி.டி.4: கேட்டவர்களுக்குப் பதில்

ஹட்டன் பக்கம் முப்பது வருடம் மருந்து கொடுத்த ஓய்வுபெற்ற மருந்தாளர் நான். டொக்டர் இல்லை. எச்.ஐ.வி. மருந்துகள் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதி கஞ்சா பற்றி.

கே: கஞ்சா எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமா ஐயா? எனக்கு சி.டி.4 ஏற்கெனவே குறைவு. (தலவாக்கலை)

நல்ல கேள்வி. சி.டி.4 என்பது எச்.ஐ.வி. தாக்கி அழிக்கிற ஒருவகை வெள்ளையணு. அதன் எண்ணிக்கையை வைத்துத்தான் எதிர்ப்புச் சக்தியை அளக்கிறார்கள். நம் வெள்ளையணுக்களின் மேல் சி.பி.2 என்று ஓர் ஏற்பி இருக்கிறது. கஞ்சாவின் சத்து அதில் ஒட்டினால் அணுவின் வேகம் தணியும். அதனால்தான் எச்.ஐ.வி. உள்ளவருக்கு இது ஆகாது என்று பயந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஏப்ரம்ஸ் குழுவினர் எச்.ஐ.வி. மருந்து எடுத்துக்கொண்டிருந்த 67 பேரைச் சேர்த்து, சிலருக்குக் கஞ்சாப் புகை, சிலருக்கு ட்ரோனபினோல் (கஞ்சாவின் சத்தைச் செயற்கையாகச் செய்த) மாத்திரை, சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று 21 நாள் கொடுத்தார்கள். 2003இல் வெளியான முடிவு: வைரல் லோட் (இரத்தத்தில் வைரஸின் அளவு) கூடவில்லை, சி.டி.4 குறையவில்லை.

ஆனால் அது 21 நாள்தான். வருடக்கணக்காகப் பிடிக்கிறவருக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது. 2018இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்தால் வைரஸ் அடங்கியவர்களில் அதிகம் கஞ்சா எடுப்பவர்களிடம் கிளர்ந்து நிற்கும் டி செல்கள் (சி.டி.4 சேர்ந்த வெள்ளையணு வகை) குறைவாக இருந்தன. வைரஸ் அடங்கிய பிறகும் உடம்புக்குள் அழற்சி மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும், இதயத்துக்கு அது கெடுதல். அதனால் இந்தத் தணிவு நல்லதாகக்கூட இருக்கலாம். இருக்கலாம் என்பதோடு நிறுத்துகிறேன். அவர்களைப் பார்த்து எண்ணினார்களே தவிர, கொடுத்துச் சோதிக்கவில்லை.

உங்கள் சி.டி.4 ஏறுவதற்கு வழி எச்.ஐ.வி. மாத்திரைதான். இன்னொன்று: இங்கே கையில் கிடைப்பது ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த சரக்காக இருக்கலாம். சி.டி.4 குறைந்தவரின் நுரையீரலில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் ஏறினால் உயிருக்கே ஆபத்து. சட்டப்படியும் குற்றம்.

கே: பசியே இல்லை, எடை இறங்குகிறது. கஞ்சா மாத்திரை கிடைக்குமா? (நானுஓயா)

ட்ரோனபினோலை எய்ட்ஸ் மெலிவுக்கு அமெரிக்கா 1992இல் அனுமதித்தது. நல்ல மருந்துகள் வருவதற்கு முந்திய காலம் அது. இன்று எடை இறங்கினால் முதலில் டி.பி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருமல் இருந்தால் நாளைக்கே சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.

கே: எச்.ஐ.வி. மாத்திரையை விட்டுவிட்டுக் கஞ்சா எடுக்கலாமா?

கூடாது.

கே: சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா என்று வந்தது. நான் தொட்டதே இல்லை அண்ணே.

எபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மாத்திரை எடுக்கிறீர்களா? அந்த மாத்திரை சில விரைவுப் பரிசோதனைகளில் கஞ்சா போலக் காட்டும். மருந்துப் பெயரைச் சொல்லி உறுதிப்படுத்தும் பரிசோதனை கேளுங்கள்.

கே: மதன மோதகம் என்ற ஆயுர்வேத உருண்டையில் கஞ்சாதானே இருக்கிறது? நம் முன்னோர் மருந்து. இங்கிலீஷ் மருந்துக்காரர் நீங்கள், அதனால் மறைக்கிறீர்கள். (பதுளை)

மறைக்க என்ன இருக்கிறது? கஞ்சா சேர்த்த ஆயுர்வேத மருந்துகளுக்கு நம் நாட்டில் சட்டத்தில் இடம் உண்டு. வைத்தியர் அதைச் சுத்தி செய்து, அளவு பார்த்துச் சேர்ப்பார். பேருந்து நிலையத்தில் வாங்கும் உருண்டையில் அந்த அளவு இருக்குமென்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

கே: (அதே நண்பர்) ஆயிரம் வருட அனுபவம் பொய்யா?

பசிக்கும் தூக்கத்துக்கும் நோவுக்கும் உள்ள அனுபவம் பொய்யில்லை. எச்.ஐ.வி.யால் வரும் கால் எரிச்சலுக்குக் கஞ்சா உதவுகிறது என்று ஏப்ரம்ஸ் குழுவே 2007இல் காட்டியது: 50 பேரில் புகைத்தவர்களுக்கு நோவு 34 சதவீதம் குறைந்தது, கஞ்சாச் சத்து நீக்கிய வெறும் சுருட்டு பிடித்தவர்களுக்கு 17. ஆனால் இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1987இல். ஆயிரம் வருடத்துக்கு முந்திய வைத்தியர் அதற்கு எங்கே மருந்து பார்த்திருப்பார்?

கே: (இன்னொருவர்) என் தாத்தா கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து கஞ்சாச் சுருட்டுப் பிடிப்பார். தொண்ணூறு வரை இருந்தார்.

தாத்தாவுக்கு எச்.ஐ.வி. இருந்ததா தம்பி? அப்புறம் எதற்கு அவரை இழுக்கிறீர்கள்? மோதகம் பற்றி இதோடு போதும், இன்னும் பதினொரு கேள்வி அதைப் பற்றியே இருக்கிறது. ஒன்றுக்கும் பதில் எழுதப்போவதில்லை.

கே: மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகை...

மேலே பாருங்கள். கூடாது.

கே: டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரை எடுக்கிறேன். தோட்ட மருத்துவ மாது இரும்புச் சத்து மாத்திரையும் தந்தார். சேர்த்து விழுங்கலாமா?

சாப்பாட்டோடு என்றால் சேர்த்து எடுக்கலாம். வெறும் வயிற்றில் என்றால் டொலுடெக்ராவிரை இரும்புக்கு 2 மணி நேரம் முன்னால் அல்லது 6 மணி நேரம் பின்னால் எடுங்கள். இல்லாவிட்டால் இரும்பு அதைப் பிடித்துக்கொண்டு இரத்தத்துக்குள் விடாது. கல்சியத்துக்கும் இதே கணக்கு. நாள் முழுக்கக் கஞ்சா பற்றி எழுதிய எனக்கு இந்தக் கேள்விதான் ஆறுதல் அம்மா.

கே: லயத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று கிளினிக்குக்குப் போகப் பயமாக இருக்கிறது.

அரச பாலியல் நோய்க் கிளினிக்கில் மருந்து இலவசம். உங்கள் ஊரில் தயக்கம் என்றால் கண்டியில் போய் எடுங்கள். இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தரமுடியுமா என்றும் அங்கே கேட்டுப் பாருங்கள், பஸ் காசு மிச்சமாகும்.