தம்பி வார்டிலிருந்து வந்த பிறகு

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் மனநல வார்டிலிருந்து தம்பி வந்துவிட்டார், "ஒருத்தருக்கும் சொல்லாதே" என்று அம்மா நிற்கிறா, நீங்கள் தனியே இரவிரவாக விழித்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவின் பயம் விளங்குகிறது. ஆனாலும் ஊருக்குச் சொல்வது வேறு, இரண்டு பேரைத் துணைக்கு வைப்பது வேறு. யார் அந்த இரண்டு பேர் என்று தம்பியையே கேளுங்கள். சித்தப்பாவை விட்டுவிட்டு, கூடப் படித்த சிநேகிதனைச் சொல்லக்கூடும். சரி, அவனையே கூப்பிடுங்கள்.

தம்பிக்கு உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தாலும் கைக்கு எதுவும் எட்டாதபடி, இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் கொட்டிலில் இருந்தால் வளவை விட்டே அகற்றுங்கள். பனடோல் கார்டுகளும் அவருடைய குளிசைகளும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். இலங்கையில் கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பிறகு தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. கைக்கெட்டாமல் வைப்பது அவ்வளவு பெரிய காரியம்.

"சாக வேண்டும் போல இருக்கிறதா?" என்று நேரே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கிளினிக்குக்கு நீங்களும் போங்கள். அவர் நித்திரை கொள்வதையும் சாப்பிடுவதையும் டொக்டரிடம் சொல்ல வீட்டு ஆள் வேண்டும். இரவில் கதைக்க ஆள் தேவைப்பட்டால் இலங்கையின் மனநல உதவி இலக்கம் 1926, உயிராபத்து என்றால் உடனே 1990 அம்புலன்ஸ். இன்றிரவு சிநேகிதனை நிற்கச் சொல்லிவிட்டு நீங்கள் படுங்கள்.