சண்டையே இல்லாமல் பிரிகிறோம், கவுன்சிலிங் எதற்கு?

கேள்வி: இருவரும் மனமொத்துதான் விவாகரத்து வாங்குகிறோம். ஒன்பது வயதில் ஒரு குழந்தை. எல்லாம் பேசி முடித்துவிட்ட பிறகு மனநல ஆலோசகரிடம் போக வேண்டுமா?

நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே பணம், வீடு, மகள் எல்லாம் பேசி முடித்திருந்தோம். ஒருவர் குரல்கூட உயரவில்லை. வீட்டைக் காலி செய்த அன்று சாமான் பிரிப்பதும் அரை நாளில் முடிந்தது. ஹாலில் மாட்டியிருந்த கடிகாரம் மட்டும் மிச்சம். "நீயே எடுத்துக்கோ" என்றார். "இல்லை, நீங்களே வைச்சுக்கோங்க" என்றேன். இப்படியே நாலு தடவை. கடைசியில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினோம். அன்றிரவு அந்தக் கடிகாரத்தை நினைத்து நான் அழுத அழுகை எனக்கே விளங்கவில்லை.

அடித்துக்கொண்டு பிரிகிறவர்களுக்குக் கோபமாவது துணைக்கு இருக்கும். எனக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. "நல்லபடியா முடிஞ்சுதே" என்று எல்லோரும் சொல்லும்போது, வலிக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்கள் தரும் அழுத்தத்துக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். துணையின் மரணத்துக்கு 100, அதற்கு அடுத்த இடத்தில் விவாகரத்துக்கு 73. சுமுகமாகப் பிரிந்தால் தள்ளுபடி என்று அதில் எதுவும் இல்லை.

என் ஆலோசகர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. கடிகாரக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். எடுத்தால், விட்டுப் போகிறவள் நான் என்று ஆகிவிடும். வாயைத் திறந்து அதைச் சொன்ன பிறகுதான் மூன்று மாதமாக நான் தூங்காததற்குக் காரணம் பிடிபட்டது. இதையெல்லாம் வக்கீலிடம் சொல்லி அழலாம்தான், கட்டணம்தான் ஏறும்.

உங்களுக்குக் குழந்தை இருப்பதால் இதையும் சொல்கிறேன். மகளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "நீங்க சண்டையே போடலையே, அப்புறம் ஏன்?" பதில் வரவில்லை. பெற்றோர் அதிகம் சண்டை போடாத வீடுகளில் பிரிவு குழந்தைகளைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்று சமூகவியலாளர் பால் அமாட்டோவும் சகாக்களும் 1995-ல் எழுதியிருக்கிறார்கள். சண்டையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு அது முடிந்த நிம்மதியாவது உண்டு. என் மகளுக்கு இது திடீரென்று தலையில் விழுந்த இடி. நாங்கள் இருவரும் சேர்ந்து ஆலோசகரிடம் போனதே அதற்குப் பிறகுதான். அவர் எங்களைச் சொல்லிப் பழக வைத்த வாக்கியங்கள் மிகச் சாதாரணமானவை: இது உன்னால் நடந்ததில்லை, முடிவு எடுத்தது நாங்கள் இருவரும், எந்த நாளில் யார் வீட்டில் இருப்பாய் என்பது இதோ இந்த நாள்காட்டியில் இருக்கிறது. மகள் இரண்டு வாரம் அந்த நாள்காட்டியைப் பையிலேயே வைத்திருந்தாள்.

சரி, எப்படிப் போவது? குழந்தை விஷயத்துக்கு இருவரும் சேர்ந்து ஒருவரிடம் போங்கள். உங்கள் துக்கத்துக்கு வேறொருவரிடம் தனியாகப் போங்கள். இரண்டுக்கும் ஒரே ஆள் என்றால், தனியாகச் சொன்னது எங்கே வெளியே வந்துவிடுமோ என்று மனம் முழுசாகத் திறக்காது. உங்களில் ஒருவருக்கு மற்றவர் மேல் பயம் இருந்தால், சேர்ந்து போகவே வேண்டாம். அது சுமுகமான பிரிவும் இல்லை. தூக்கம், பசி இரண்டும் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலோ, ஆலோசகரோடு நிறுத்தாமல் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

முதல் ஆளைப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். கடிகாரத்தைப் பற்றிக் கேட்டவர் நான் போன மூன்றாவது ஆள்.