ஒரே சுவர், எத்தனை வழிபாடு!

கேள்வி: லண்டனில் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று பள்ளிவாசலாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, பறித்துக்கொண்டார்களா? (வாசகர், மேலப்பாளையம்)

பதில்: யாரும் பறிக்கவில்லை. யூதர்கள் வேறு பகுதிக்குக் குடிபோனார்கள், வங்காள முஸ்லிம்கள் கட்டடத்தை வாங்கினார்கள். அவ்வளவுதான்.

ஆனால் அதைக் கட்டியவர்கள் யூதர்களும் இல்லை. பிரான்ஸின் 14ஆம் லூயி மன்னர் 1685இல் புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டு உரிமையை ரத்துசெய்ததும் ஊரைவிட்டு ஓடிவந்தவர்களில் பலர், கிழக்கு லண்டனின் ஸ்பிடல்ஃபீல்ட்ஸில் தங்கிப் பட்டு நெய்தார்கள். அந்தச் சமூகம்தான் 1743இல் பிரிக் லேனும் ஃபோர்னியர் தெருவும் சேரும் மூலையில் செங்கல்லால் இந்தத் தேவாலயத்தை எழுப்பியது. ஃபோர்னியர் தெருப் பக்கம் அண்ணாந்து பார்த்தால், முகப்பின் உச்சியில் ஒரு சூரியக் கடிகாரமும் அந்த ஆண்டும் இன்றைக்கும் தெரியும். கூடவே லத்தீனில் ‘நாம் நிழல்கள்’ என்று ஒரு வரி. லண்டன் வெயிலை நம்பிச் சூரியக் கடிகாரம் வைத்தவர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

அடுத்து வந்தவர்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள். 1809இல் யூதர்களைக் கிறிஸ்தவர்களாக மாற்றுவதற்கென்றே ஏற்பட்ட ஒரு சங்கம் இங்கே கடை விரித்தது. பத்து வருஷம்கூடத் தாக்குப்பிடித்ததோ இல்லையோ, 1819இல் மெதடிஸ்டுகள் என்ற புராட்டஸ்டண்டு கிறிஸ்தவப் பிரிவினர் வந்துவிட்டார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் யூதர்கள் தாக்கப்பட, உயிர் பிழைத்தால் போதும் என்று கிழக்கு லண்டனுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் ஆசாரத்தில் துளியும் விட்டுக்கொடுக்காத ஒரு பிரிவினர், 1898இல் அதே கட்டடத்தை ஜெப ஆலயம் ஆக்கினார்கள். யூதர்களை மதம் மாற்றப் பார்த்த கூடத்தில் யூதர்களின் வேதமான தோரா ஓதப்பட்டது!

பிள்ளைகள் படித்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் கோல்டர்ஸ் கிரீன் போன்ற வடக்கு லண்டன் பகுதிகளுக்குப் போய்விட்டார்கள். ஆள் குறைந்தால் ஜெப ஆலயம் எப்படி நடக்கும்? அவர்கள் காலி செய்த தெருக்களில், பெரும்பாலும் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்த வங்காளிகள் குடியேறினார்கள். இவர்களுக்குத் தையல் வேலைதான் சோறு போட்டது. 1976இல் கட்டடம் ஜாமே மஸ்ஜித் ஆனது. எஃகில் பளபளக்கும் உயரமான தூண் ஒன்றைப் பக்கத்தில் பார்ப்பீர்கள்; அது 2009 வாக்கில் வந்தது.

கேள்வி: அப்படியானால் இப்படி மாறிய இடமெல்லாம் சுமுகமாக மாறியதுதானா? (அதே வாசகர்)

பதில்: இல்லை. அல்ஜீரியாவில் ஓரான் நகரப் பெரிய ஜெப ஆலயத்தின் கதை வேறு. 1880இல் தொடங்கிய வேலை முடிந்து 1918இல்தான் அதைத் திறந்தார்கள். வட ஆப்பிரிக்காவிலேயே பெரியவற்றில் ஒன்று. பிரான்ஸின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் யூதர்களுக்கு 1870இலேயே பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்திருந்தது. முஸ்லிம்களுக்கு அப்படிக் கொடுக்கவில்லை. அந்தக் கசப்பு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. 1962இல் நாடு விடுதலை பெற்றபோது யூதர்களில் பெரும்பாலோர் பிரான்ஸுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அரசு எடுத்துக்கொண்ட அந்தக் கட்டடம் 1975இல் அப்துல்லா பின் சலாம் பள்ளிவாசல் ஆனது. அங்கே விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை.

உங்களுக்கு வந்த செய்தியை அனுப்பியவர் எந்த ஊரைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.