குறைமாதப் பிள்ளைகள் தங்களை எப்படி அமைதிப்படுத்திக்கொள்கின்றன: நீங்கள் கேட்டவை, என் பதில்கள்

நாகர்கோவில் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். ஐசியூவிலிருந்து வீட்டுக்கு வந்த பிள்ளைகள் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து அளவு மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது உங்கள் டாக்டர் வேலை.

சிஸ்டர், 31 வாரத்தில் பிறந்த மகள். கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துப் பேசினாலே கொட்டாவி, தும்மல், விக்கல். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என்னைப் பிடிக்கவில்லையா? (குழித்துறை)

பிடிக்காமல் எல்லாம் இல்லை. "போதும்மா, கொஞ்சம் பொறு" என்கிறாள். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மூச்சும் இதயத்துடிப்பும் சீராக ஓடுவதே பெரிய வேலை. அது நிலைத்தால்தான் கைகால் அசைவு அடங்கும், அப்புறம் தூக்கமும் விழிப்பும் ஒழுங்குக்கு வரும், இதெல்லாம் போக மிச்சம் இருக்கிற தெம்பில்தான் உங்கள் முகத்தைப் பார்க்க முடியும். பாஸ்டனில் வேலை செய்த ஹைடலீஸ் ஆல்ஸ் என்ற உளவியலாளர் 1982இல் இதைக் கோட்பாடாகவே எழுதினார், இன்றைக்கும் ஐசியூவில் குறைமாதப் பிள்ளைகளைக் கையாளும் முறையில் அவர் சொன்னது நிறைய இருக்கிறது.

விரல்களை அகல விரிப்பது, முதுகை வில்லாக வளைப்பது, நிறம் வெளுப்பது எல்லாம் அதே "போதும்"தான். அதே நேரத்தில் அவளே சமாளிக்கவும் பார்ப்பாள். கையை வாய்க்குக் கொண்டுபோவாள், பாதத்தை எதிலாவது ஊன்றுவாள், கிடைத்த துணியைப் பற்றிக்கொள்வாள். நாம் என்ன செய்கிறோம்? கீறிவிடும் என்று அந்தக் கைக்கு உறை மாட்டி விடுகிறோம். நகத்தை வெட்டிவிட்டுக் கையை வெளியே விடுங்கள். பேச்சு, ஆட்டம், கிலுகிலுப்பை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் ஏதாவது ஒன்று போதும். முகத்தைத் திருப்பினால் பேச்சை நிறுத்தி, தலையிலும் பாதத்திலும் உள்ளங்கையை அசையாமல் வைத்திருங்கள். தட்ட வேண்டாம், தடவவும் வேண்டாம். தானாகத் திரும்பிப் பார்ப்பாள், அப்போது பேசலாம். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி எடுப்பதை ஒரு மாதத்துக்காவது தள்ளிப்போடுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

நெஞ்சோடு வைக்கும் கங்காரு பராமரிப்பை அப்பா செய்தாலும் பலன் உண்டா? நான் கடல்தொழில் பார்க்கிறவன். (குளச்சல்)

தாராளமாக உண்டு தம்பி, அப்பா நெஞ்சிலும் பிள்ளையின் உடல்சூடு நன்றாக நிற்கும். கரைக்கு வந்ததும் குளித்து, சட்டையைக் கழற்றி, பீடி வாசனை இல்லாமல் உட்காருங்கள். பிள்ளைக்குத் தொப்பியும் டயப்பரும் மட்டும் போதும். நிமிர்த்தி வைத்து, முகம் ஒரு பக்கம் தெரியும்படி, கழுத்து மடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கிறபோது உங்களுக்குத் தூக்கம் வந்தால் பிள்ளையை மாற்றிவிடுங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர்கள் தொடங்கியது இது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை பரிந்துரைத்தது. அம்மா ஒருத்தியால் அவ்வளவு நேரம் எப்படி முடியும்? அதனால்தான் நீங்கள் வேண்டும்.

அழும்போதெல்லாம் எடுத்தால் பழகிப்போகும் என்கிறார் மாமியார். (தக்கலை)

பழகட்டும். தனியாக அழவிட்டால் பிள்ளை சமாதானம் ஆவதைக் கற்றுக்கொள்ளாது, களைத்துத்தான் அடங்கும். முதலில் உங்கள் உடம்பின் உதவியோடு அடங்கிப் பழகித்தான் பிறகு தானாக அடங்கும். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், அவர் கையிலேயே பிள்ளையைக் கொடுங்கள், அவரும் கீழே வைக்க மாட்டார்!

இதய ஆபரேஷன் ஆன மகன், பால் குடிக்கும்போது நடுவில் களைத்துவிடுகிறான். (கருங்கல்)

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை மாறி மாறிச் செய்வது இந்தப் பிள்ளைகளுக்குக் கடின உழைப்பு. பாட்டிலில் கொடுத்தால் சாய்ந்த பக்கவாட்டில் பிடித்து, சில மிடறுகளுக்கு ஒருமுறை பாட்டிலைத் தாழ்த்தி மூச்சுக்கு நேரம் விடுங்கள். மிச்சப் பாலைத் திணிக்காதீர்கள். ஆனால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, எடை ஏறவில்லை என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இதய டாக்டரிடம் காட்டுங்கள். உதடு நீலமானால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு.

ஐசியூவில் குப்புறப் படுக்க வைத்தார்கள், நன்றாகத் தூங்கினான். வீட்டிலும் அப்படியே விடலாமா? (குலசேகரம்)

கூடாது. அங்கே மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நாங்கள் இருந்தோம். வீட்டில் மல்லாக்கத்தான், தலையணையும் சுற்றிச் சுருட்டிய துணியும் இல்லாமல். சேலைத் தொட்டிலும் இப்போதைக்கு வேண்டாம், சின்னப் பிள்ளைக்குத் தாடை நெஞ்சில் மடிந்து மூச்சு அடைபடலாம்.

அடுத்த வாரம் கோயில் கொடை, மைக்செட் எங்கள் வாசலிலேயே.

ஐசியூவிலேயே சத்தம் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பார்கள். முடிந்தால் அந்த நாட்களில் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள். இல்லாவிட்டால் பின்பக்க அறை, சன்னலைச் சாத்திப் பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். காதில் பஞ்சு திணிக்காதீர்கள்.

மூன்று மாதம் தாண்டியும் சிரிக்கவில்லை. 30 வாரத்தில் பிறந்தவள், இப்போது 14 வாரம்.

நிறைமாதமான 40 வாரத்துக்குக் குறைந்த 10 வாரத்தைக் கழியுங்கள், அவளுக்கு 4 வாரம்தான். சிரிக்க இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு வயது வரை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும், தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிப்படி.

கண் டெஸ்ட்டுக்கு வரச் சொன்னார்கள். கண் நன்றாகத்தானே தெரிகிறது, கட்டாயமா?

கட்டாயம். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, விழித்திரையைப் பிறந்து 30 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால் இன்னும் சீக்கிரம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தேதி தவறியிருந்தால் நாளைக் காலையே போங்கள்.