பாயும் சேவலை இருட்டியபின் பிடியுங்கள்

பகலில் துரத்துவதை முதலில் நிறுத்துங்கள். மூன்று வயதுச் சேவல் மகளின் காலில் பாய்ந்து கீறிவிட்டது, அதன் காலின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளைத் தேய்க்கலாம் என்று பிடிக்கப் போனால் வேலி தாண்டிப் பறக்கிறது என்கிறீர்கள். நாலு பேர் சுற்றி வளைத்தால் இன்னும் முரடாகும், வெயிலில் ஓடிய கோழி மூச்சு வாங்கிச் சுருண்டு விழுவதும் உண்டு.

இருட்டியதும் போங்கள். அப்போது கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அடைந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். டார்ச்சை முகத்தில் அடிக்காமல் தரையில் காட்டி, பின்பக்கமாக வந்து, ஒரு பழைய துண்டை மேலே போட்டு, இரண்டு கையாலும் இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள், இறக்கை அடங்கினால் சேவல் பாதி அடங்கின மாதிரிதான். அப்புறம் தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி அக்குளில் இடுக்கிக்கொண்டு, நடுவில் ஒரு விரலை விட்டு இரண்டு காலையும் பிடித்துவிட்டால் முள் படாது. நெஞ்சை இறுக்காதீர்கள், அது விரிந்தால்தான் மூச்சு விட முடியும். சந்தையில் செய்வதுபோலத் தலைகீழாகத் தொங்கவிடுவது வேண்டவே வேண்டாம், நமக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானம் கோழிக்குக் கிடையாது, குடல் அழுத்தி மூச்சு முட்டும்.

முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்குங்கள். உள்ளே உயிருள்ள எலும்பு இருக்கிறது, ஆழமாக வெட்டினால் ரத்தம் கொட்டும். கொஞ்சம் கசிந்தால் சோளமாவை வைத்து அழுத்துங்கள்.

சரி, மகளின் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா? டெட்டனஸ் தடுப்பு ஊசி (டி.டி.) எப்போது போட்டது என்று பார்த்து, இன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.